தேடி வருவோர்க்கு ஒரு குறிச்சொல்
(வெள்ளி விழாக் கருத்தரங்கில் பள்ளி ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)

    

முதற்கண் என் பிழையொன்றை ஒப்புக்கொள்ள விழைகின்றேன். சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் பயின்ற மாணவர் ஒருவர் கல்லூரியில் சேர்ந்தார். உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும் இணையப் பக்கம் யாதெனக் கேட்டு வந்தார். அதனை நான் முன்பே கண்டு, என் கணினியில் குறித்தும் வைத்திருந்தேன். எங்கே? ‘பயனுள்ளவை’ என்று பெயரிட்ட ஒரு கோப்புறையில், நூற்றுக்கணக்கான முகவரிகளுக்கு நடுவே. தேடினேன், அகப்படவில்லை. “பிறகு தருகிறேன், தம்பி” என்று அனுப்பிவிட்டேன். அது கைக்குக் கிட்டியபோது கடைசித் தேதி கடந்திருந்தது. அவ்வாண்டுக் கட்டணத்திற்கு அவருடைய தாயார் தம் காதணியை அடகு வைத்தார். செய்தி என்னிடம் இருந்தது, வேண்டியவர்க்கு உதவவில்லை. அது இருந்தும் இல்லாததே அன்றோ?

நம் முன்னோர்க்குக் கல்வியின் கதவு அடைக்கப்பட்டிருந்தது. இன்று பாடநூல்களை இணையத்தில் விலையின்றிப் பெறலாம். மராட்டிய அரசு 1979 முதல் தொகுதி தொகுதியாக வெளியிட்ட டாக்டர் அம்பேத்கரின் எழுத்தும் பேச்சும் அவ்வாறே கிடைக்கின்றன. ஆயினும் உள்ளே நுழையும் மாணவன் மலைபோன்ற குவியலைக் கண்டு திகைக்கின்றான். குவியலும் ஒருவகைப் பூட்டே!

இதற்குத் திறவுகோல் ஒன்று உண்டு. 2003இல் அமெரிக்காவில் ஜோஷுவா ஷாக்டர் என்பவர் ‘டெலிஷியஸ்’ என்னும் தளத்தைத் தொடங்கினார். ஒருவர் கண்ட பக்கத்தின் முகவரியைத் தம் கணினிக்குள் முடக்காமல், பலரும் காணும் பொது இடத்தில் வைக்கலாம். அதன்மேல் ஏற்ற சொற்களை ஒட்டி வைக்கலாம். அவையே குறிச்சொற்கள். ஒரு சொல்லைத் தட்டினால், அச்சொல்லை ஒட்டிய அனைவரின் தேட்டமும் திரண்டு நிற்கும். இதனைச் சமூகப் புத்தகக்குறி முறை என்பர்.

கோப்புறைக்கும் குறிச்சொல்லுக்கும் வேற்றுமை யாது? அம்பேத்கர் 1936இல் வெளியிட்ட ‘சாதி ஒழிப்பு’ உரையை எந்தக் கோப்புறையில் இடுவீர்கள்? வரலாறா, சமயமா, சமூகவியலா? ஒன்றில் இட்டால் மற்ற வழியில் வருபவர்க்குக் கிட்டாது. குறிச்சொல் முறையில் மூன்று சொற்களையும் ஒட்டலாம். எவ்வழி வந்தாலும் கிட்டும். சீர்காழியில் பிறந்து, கணித ஆசிரியராய் இருந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ். ஆர். அரங்கநாதன் இச்சிக்கலை அன்றே உணர்ந்தவர். ஒரு நூலின் பொருளைப் பல கூறுகளாகப் பகுத்துக் குறிக்கும் கோலன் பகுப்பு முறையை 1933இல் அவர் வெளியிட்டார். படிப்பவரின் நேரத்தை மிச்சப்படுத்துவதும் நூலகத்தின் கடமை என்பது அவர் வகுத்த விதிகளுள் ஒன்று.

இளைஞர்களே! இம்முறையைக் கைக்கொள்வோர் மூன்றினை மறத்தல் ஆகாது.

ஒன்று: சொல்லில் ஒற்றுமை வேண்டும். ஒருவர் ‘உதவித்தொகை’ என்றும், மற்றொருவர் ‘கல்வி உதவி’ என்றும், இன்னொருவர் ‘ஸ்காலர்ஷிப்’ என்றும் எழுதினால் ஒரே பொருள் மூன்று மூலையில் கிடக்கும். ஆகவே, கூடிப் பேசிப் பொதுச்சொற்களின் பட்டியல் ஒன்றை வகுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு: பெயரிடுதல் எளிய செயலன்று. பிறர் இட்ட பெயர்களால் ஆவணங்களில் குறிக்கப்பட்டவர்கள் நாம். 1922இல் எம். சி. ராஜா சென்னைச் சட்டசபையில் போராடி, ‘ஆதி திராவிடர்’ என்னும் பெயரை அரசு ஏற்கச் செய்தார். எனினும் பழைய ஏடுகள் பழைய பெயர்களிலேயே உள்ளன. அப்பெயரை அறவே விலக்கினால் நம் வரலாறு நமக்கே அகப்படாது. அதனை மட்டும் வைத்தால் நம் மானத்திற்கு இழுக்கு. குறிச்சொல் முறையில் இரண்டிற்கும் இடமுண்டு. கண்டெடுக்கப் பழைய பெயர். அழைக்க நாம் தேர்ந்த பெயர்.

மூன்று: எத்தளமும் நிலையானதன்று. டெலிஷியஸ் பல கைகள் மாறியது. 2017இல் புதியன சேர்ப்பது அங்கே நிறுத்தப்பட்டது. ஆகவே எத்தளத்தில் சேர்த்தாலும், முழுப் பட்டியலையும் ஒரே கோப்பாக இறக்கி, ஆண்டுதோறும் கழகச் செயலாளரிடம் ஒப்படையுங்கள். 25 ஆண்டுக் கணக்கேட்டைக் காத்த கழகம் இதனையும் காக்கும்.

வாரம் ஒரு பக்கம் போதும். தாம் படித்துப் பயன்கண்ட பக்கத்தை, பாடம் எது, எவ்வகுப்பினர்க்கு, எம்மொழியில் என மூன்று சொற்களோடு ஒவ்வொருவரும் பொதுவில் வையுங்கள். அன்று நான் தேடித் தவித்த முகவரி இப்போது ‘உதவித்தொகை’, ‘கல்லூரி’, ‘கடைசித்தேதி’ என்னும் மூன்று சொற்களோடு பொதுவில் இருக்கிறது. ஆண்டுதோறும் அதனைச் சரிபார்க்கின்றேன். இனி எந்தத் தாயும் என் மறதிக்காகக் காதணியைக் கழற்ற வேண்டாம்.