புதுவீட்டுக்குக் காவல்

(புதிதாக வீடு கட்டும் பயனாளிகளுக்கும் ஊராட்சி உறுப்பினர்களுக்கும் நடைபெற்ற கூட்டமொன்றில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



இங்கே கூடியிருப்போரில் பலர் உங்கள் குடும்பத்திலேயே முதன்முறையாகக் கல்வீட்டுக்கு உரியவர்களாகின்றீர்கள். 2016-இல் தொடங்கப்பெற்ற பிரதம மந்திரியின் ஊரக வீட்டுவசதித் திட்டத்தின்கீழ்க் கட்டுவோர் சிலர். 2024-இல் தமிழக அரசு தொடங்கிய கலைஞரின் கனவு இல்லத் திட்டத்தில் சேர்ந்தோர் வேறு சிலர். இந்தப் பின்னைய திட்டத்தில் 360 சதுர அடி வீட்டுக்கு 3 இலட்சத்து 50 ஆயிரம் ரூபாய் என வகுக்கப்பட்டது. வீட்டைக் கட்டும் முறைபற்றிப் பொறியாளர்கள் கூறுவார்கள். கட்டிய வீட்டைக் காக்கும் முறைபற்றிச் சில சொற்கள் கூற விரும்புகின்றேன்.

குடிசையில் வாழ்ந்தபோது நமக்குப் பூட்டின் தேவை மிகுதியாக இருந்ததில்லை. தட்டியைச் சாத்திக் கயிற்றால் கட்டிவிட்டு வயலுக்குச் சென்றோம். உள்ளே களவு போகத்தக்க பொருளும் குறைவு. வாசலில் முதியவர் ஒருவர் அமர்ந்திருப்பதும் வழக்கம். கல்வீடு வந்ததும் நிலைமை மாறுகின்றது. பொருள் சேர்கின்றது, கணவனும் மனைவியும் வேலைக்குச் செல்கின்றனர். கதவில் தொங்கும் பூட்டு, உள்ளே ஆளில்லை என்பதைத் தெருவில் போவோர் அனைவருக்கும் அறிவித்துக்கொண்டிருக்கின்றது. ஆகவே, பூட்டு ஒன்றையே காவல் என்று நம்பியிருத்தல் கூடாது.

முதலாவதாகக் கதவைக் கவனிப்போம். அடித்தளத்திலும் முகப்பிலும் அளவுக்கு மேல் செலவிட்டு, கையில் பணம் தீர்ந்த பிறகு கதவுக்கு வருவோர் பலர். அதனால் மெல்லிய பலகைக் கதவும் சிறு ஆணியில் நிற்கும் கொண்டியும் வந்து சேர்கின்றன. திண்டுக்கல் பூட்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் புகழ்பெற்ற பூட்டையே வாங்கி மாட்டினாலும், கொண்டி பெயர்ந்துவிட்டால் பூட்டினால் என்ன பயன்? திருடன் பூட்டை உடைப்பதைவிடக் கொண்டியை நெம்புவதே எளிது. ஆதலால் கொண்டியையும் நாதாங்கியையும் ஆணியால் அடிக்காமல், உட்புறத்தில் நட்டு இருக்கும்படி போல்ட்டுகளால் முடுக்குங்கள். நிலையைச் சுவரோடு பிடிக்கும் இரும்புப் பட்டைகளைச் சிமெண்டுக் கலவையில் நன்றாகப் பதிக்கச் செய்யுங்கள். சுவர் எழும்பும்போதே செய்தால் இதற்கு ஆகும் செலவு சிறிது. பின்னர்ச் சுவரை உடைத்துச் செய்வதோ பெருஞ்செலவு.

முன்கதவு உறுதியாக இருந்து, கொல்லைப்புறக் கதவு தகரமாக இருந்தால் வீட்டின் காவல் அந்தத் தகரத்தின் அளவே ஆகும். சன்னல் கம்பிகளின் இடைவெளி நான்கு அங்குலத்துக்கு மேற்படாதிருத்தல் நன்று. சன்னல் வழியே கைவிட்டால் எட்டும் இடத்தில் கதவின் தாழ்ப்பாளை வைக்காதீர்கள். கோடை இரவில் காற்றுக்காகத் திண்ணையிலோ மாடியிலோ உறங்குவோர், கீழ்க்கதவைப் பூட்டிச் சாவியைத் தம்மிடமே வைத்துக்கொள்ளவேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. முதியோரையும் குழந்தைகளையும் உள்ளே விட்டு வெளியே பூட்டிச் செல்லும் பழக்கம் எக்காரணத்தாலும் வேண்டாம். தீப்பிடித்தால் அந்தப் பூட்டே எமனாகிவிடும். உள்ளே இருப்பவர் சாவியின்றித் திறந்து வெளிவரும்படி ஒரு கதவேனும் இருத்தல்வேண்டும்.

அடுத்து, சாவி. நிலைக்கு மேலும், மாடக்குழியிலும், துளசி மாடத்தின் அடியிலும் சாவி இருக்கும் என்பதை ஊரே அறியும், திருடன் அறியமாட்டானா? வீட்டுக்கொரு சாவி போதாதெனில், இரண்டாவது சாவியை நம்பிக்கையான ஒருவரிடம் கொடுங்கள். அறுவடைப் பணத்தை அலமாரியில் அடுக்காமல் வங்கியிலோ அஞ்சலகத்திலோ சேருங்கள். நகைகளின் எடையைக் குறித்து, நிழற்படம் எடுத்து, வாங்கிய சீட்டுகளோடு சேர்த்து வையுங்கள். களவு போனால் காவல்துறையினர் கேட்பவை இவையே. பட்டா, பத்திரம் ஆகியவற்றின் நகல்களை வேறோர் இடத்திலும் வைத்திருத்தல் நலம்.

இனி, ஊராட்சியின் கடமை. ஒவ்வொரு வீட்டாரும் தனித்தனியே செய்ய முடியாததை ஊராட்சி செய்யவேண்டும். 1994-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், பொதுச்சாலைகளில் விளக்கு அமைப்பதை ஊராட்சியின் கடமைகளுள் ஒன்றாக வைத்துள்ளது. புதிய குடியிருப்புகள் பெரும்பாலும் ஊர்க் கோடியில் அமைகின்றன. விளக்கோ ஊர் நடுவிலேயே நின்றுவிடுகின்றது. இதைக் கிராம சபையில் எழுப்பித் தீர்மானம் இயற்றுங்கள். வீடுகளை ஒட்டிய சீமைக்கருவேலப் புதர்களையும் அகற்றுங்கள். வெளியூர் செல்வோர் அண்டை வீட்டாரிடம் சொல்லிச் செல்லுங்கள். நகைக்கு மெருகு போடுவதாகக் கூறி வருவோரிடம் நகையைக் கழற்றிக் கொடுத்தல் வேண்டாம்.

ஆயினும், விழிப்பு வேறு, வெறி வேறு. 2018 மே மாதத்தில், திருவண்ணாமலை மாவட்டத்தில் போளூருக்கு அருகே, குலதெய்வத்தை வழிபட வந்த ஒரு மூதாட்டி, குழந்தை கடத்துபவர் என்ற வதந்தியால் அடித்துக் கொல்லப்பட்டார். வழி கேட்டு வந்தவரின் உயிரைப் பறித்த ஊர், எத்தனை பூட்டுப் போட்டாலும் பாதுகாப்பான ஊர் ஆகுமா? ஐயம் எழுந்தால் 112 அல்லது 100 என்ற எண்ணுக்குச் சொல்லுங்கள். எவர்மீதும் கைவைக்க நமக்கு உரிமையில்லை. உறுப்பினர்கள் இதனைத் தெருத்தெருவாக எடுத்துரைத்தல்வேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் களவு நேர்ந்தால், உள்ளே சென்று எதையும் தொடாதீர்கள், தடயங்கள் அழிந்துபோகும். உடனே காவல்துறைக்குத் தெரிவியுங்கள். முதல் தகவல் அறிக்கையின் நகலைப் புகார் கொடுத்தவருக்குக் கட்டணமின்றி வழங்கவேண்டும் என்பது சட்டம். 2024 சூலை முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவு இதைக் கூறுகின்றது. அதனைக் கேட்டுப் பெறுங்கள்.

பெருமக்களே! அரசு பணம் தரலாம். கொத்தனார் சுவர் எழுப்பலாம். கதவுக்கு உறுதியையும் தெருவுக்கு ஒளியையும் அண்டை வீட்டாருக்குள் நம்பிக்கையையும் நாமேதான் அமைத்துக்கொள்ளவேண்டும். இம்மூன்றும் அமைந்த வீட்டில் நீங்கள் அச்சமின்றி உறங்கி, மகிழ்ச்சியோடு வாழ வாழ்த்துகின்றேன்.