மூஸ் கிராமத்து ஆயர்

பட்டம் பெற்று நிற்கும் என் அருமை இளைஞர்களே,

அந்தமானின் லாங் ஐலண்டில் பிறந்த பிள்ளை பட்டதாரியாக வேண்டுமானால், எர்ராட்டா துறைக்குப் படகேறி, ரங்கத் சென்று, அங்கிருந்து மாயாபந்தருக்கோ போர்ட் பிளேருக்கோ பிரயாணம் செய்து, வீட்டைப் பிரிந்து வருஷக்கணக்கில் தங்கியாக வேண்டும் என்பதை அறிந்தே, உங்களை அனுப்பிவைத்த தாய் தந்தையருக்கு என் முதல் வணக்கத்தைச் செலுத்துகிறேன். இங்கிருந்த பிளைவுட் ஆலை மூடியபின் இத்தீவை விட்டுப் போன குடும்பங்கள் பல. போனவர்களைக் குறை கூற எனக்கு மனம் வரவில்லை. ஆனால் இதே கடலில் தெற்கே உள்ள நிக்கோபார் தீவுகளிலிருந்து படிக்கச் சென்று, தன் மண்ணுக்கே திரும்பி வந்த ஒரு மகானைப் பற்றி இன்று பேசாமலிருக்கவும் முடியவில்லை.

1884-இல் கார் நிக்கோபாரின் மூஸ் கிராமத்தில் பிறந்தவர் ஜான் ரிச்சர்ட்சன். அக்கிராமத்தில் அரசாங்கப் பிரதிநிதியாகவும் உபதேசியாராகவும் இருந்து பள்ளிக்கூடம் நடத்தியவர் வேதப்பன் சாலமோன் என்னும் தமிழர். அந்தத் தமிழரின் அரவணைப்பில் எழுத்தறிந்த சிறுவன், பர்மாவின் மாந்தலே நகருக்குச் சென்று கல்வி கற்று, 1912-இல் ஆசிரியராக ஊர் திரும்பினார் என்பதை நினைக்கும்போது, நம் முன்னோர் ஒருவர் விதைத்த விதை எத்தகைய விருட்சமாயிற்று என்று என் நெஞ்சம் பெருமிதம் கொள்கிறது.

படித்தவன் பெரிய பட்டணத்தில்தான் வாழவேண்டும் என்று அவர் எண்ணவில்லை. துஹேத் எனப்படும் கூட்டுக் குடும்பமே நிக்கோபாரிகளின் வாழ்க்கைக்கு ஆதாரம். தென்னந்தோப்பும் பன்றியும் படகும் அதன் பொதுச் சொத்து. உழைப்பும் விருந்தும் துக்கமும் அதற்குள்ளே பங்கிடப்படும். அந்த வாழ்க்கைக்குள் இருந்துகொண்டே அவர் பாடம் சொன்னார், ஜெபம் நடத்தினார், தம் மக்களின் தாய்மொழியில் வேதாகமத்தை மொழிபெயர்த்தார், கால்பந்தையும் ஹாக்கியையும் அத்தீவில் அறிமுகப்படுத்தினார். இந்தக் கடைசிச் செயலைச் சிலர் சிறிதென்று கருதலாம்; நான் அவ்வாறு கருதவில்லை. பல துஹேத்துகளைச் சேர்ந்த இளைஞர்களை ஒரே அணியாக்குவதற்கு மைதானத்தைவிடச் சிறந்த இடம் ஏது? காலையில் ஆராதனைக்கு அழைத்தவரே மாலையில் ஆட்டத்துக்கும் அழைத்தால், அவரிடம் இளைஞருக்குப் பயம் போய் பக்தியும் சிநேகமும் ஒருங்கே பிறப்பது இயல்புதானே?

இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் தீவுகளைக் கைப்பற்றியிருந்த 1942 முதல் 1945 வரையிலான ஆண்டுகளில், ஒற்றர் என்ற சந்தேகத்தால் நிக்கோபாரிகள் பலர் கொல்லப்பட்டனர். ரிச்சர்ட்சனும் சிறைப்பட்டு மரணத்தின் வாயிலில் நின்றார். போர் முடிந்தது, அவர் உயிர் தப்பினார், தப்பியவர் மீண்டும் அதே மக்களிடம் அதே பணிக்கே சென்றார்.

1950-இல் ஆயரானார். நேரடித் தேர்தல் இல்லாதிருந்த இத்தீவுகளின் சார்பில், முதல் மக்களவைக்கு ஜனாதிபதியால் நியமிக்கப்பட்டார். பத்மஸ்ரீயும், 1975-இல் பத்மபூஷணும் அவரைத் தேடி வந்தன. 1978-இல் மறைந்தார். இன்று கார் நிக்கோபாரின் அரசு மருத்துவமனை அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

விருதுகளைவிட என்னை ஆட்கொள்வது, குடும்பம் வேறு, தெய்வம் வேறு, தொழில் வேறு, விளையாட்டு வேறு என்று அவர் தம் நாளைக் கூறுபோடவில்லை என்பதே. தெய்வத்திடம் வைத்த விசுவாசத்தை மனிதரிடம் செய்த உழைப்பில் காட்டினார்; அந்த உழைப்பின் பலனைத் தம் ஊரிலேயே செலவழித்தார்.

இளைஞர்களே, உத்தியோகம் உங்களை எங்கெங்கோ அழைக்கும், செல்லுங்கள், தடையில்லை. ஆனால் விடுமுறைக்கு லாங் ஐலண்ட் வரும் ஒவ்வொரு முறையும், மாலைவேளையில் பள்ளி மைதானத்துக்குப் போங்கள். அங்கே விளையாடிக்கொண்டிருக்கும் பிள்ளைகளோடு நீங்களும் பந்தை உதையுங்கள். ஆட்டம் முடிந்ததும் அவர்களை உட்காரவைத்து, எந்தப் பாடம் கடினமாக இருக்கிறது என்று கேட்டுச் சொல்லிக் கொடுங்கள். இதுவே உங்களிடம் நான் வேண்டுவது.