சைக்கிளில் சிங்கப்பூர் போய் வந்தோம்

(நமது பள்ளியின் பரிசளிப்பு விழாவில் ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரை)



ஒழுக்கத்தைப் பற்றி நான் பேச வேண்டும் என்பது தலைமையாசிரியரின் விருப்பம். அதை ஆண்டுதோறும் பேசுகிறோம். நீங்களும் பொறுமையாகக் கேட்கிறீர்கள். இவ்வாண்டு அவர் அனுமதியோடு வேறொன்று பேசுகிறேன். சென்ற விடுமுறையில் நானும் என் வீட்டுக்காரரும் சைக்கிளில் சிங்கப்பூர் போய் வந்த செய்தி லயம் முழுக்கப் பரவிவிட்டது. அதில் பாதி தப்பு. சைக்கிளை லாரியில் ஏற்றிப் போனோம் என்றுகூட ஒரு பேச்சு. "பொம்பளப் புள்ள சைக்கிள்ல சிங்கப்பூருக்கா?" என்று என் மாமனாரே கேட்டார். ஆகவே நடந்ததை நானே சொல்லிவிடுகிறேன்.

முதல் நாள் கூலாய் வரை ஓட்டி உறவினர் வீட்டில் தங்கினோம். மறுநாள் பாலம். உங்கள் பிள்ளைகளில் பலர் விடியற்காலையில் மோட்டார் சைக்கிளில் அந்தப் பாலத்தைக் கடந்து வேலைக்குப் போகிறவர்கள். சைக்கிளுக்கென்று அங்கே தனி வழி கிடையாது. அவர்கள் போகிற அதே வரிசைதான். அந்த நெரிசலுக்குப் பயந்து நாங்கள் பத்து மணிக்கு மேல் போனோம். 1924இல் திறந்த பாலம் அது. 1942 ஜனவரி 31ஆம் நாள் பிரிட்டிஷ் படை அதைத் தகர்த்துவிட்டுச் சிங்கப்பூருக்குள் பின்வாங்கியது. துரத்தி வந்த ஜப்பானியரில் பல்லாயிரம் பேர் சைக்கிளில் வந்தவர்கள். டயர் கிழிந்தபோது வெறும் ரிம்மிலேயே ஓட்டினார்கள். இப்படிச் சைக்கிள் கெட்ட காரியத்துக்கும் உதவியிருக்கிறது.

அந்தப் பக்கம் சட்டம் கண்டிப்பு. சாலையில் சைக்கிள் ஓட்டுகிறவர் தலைக்கவசம் அணிய வேண்டும் என்பது 2019 முதல் அங்கே விதி. விரைவுச்சாலையில் சைக்கிள் ஏறவே கூடாது. ஆனால் நமக்கு உறவான ஒரு வழி இருக்கிறது. உங்கள் தாத்தாமார் தஞ்சோங் பகாருக்கு ரயிலில் போனார்களே, அந்தப் பாதைதான். 2011 ஜூன் 30ஆம் நாள் அங்கிருந்து கடைசி ரயில் புறப்பட்டது. அதை ஓட்டியவர் நம் ஜொகூர் சுல்தான் இப்ராஹிம் அவர்களே. தண்டவாளத்தை எடுத்துவிட்டு, ஏறக்குறைய 24 கிலோமீட்டருக்கு அதை நடைபாதையாக வைத்திருக்கிறார்கள். இரண்டு பக்கமும் மரம், குருவிச் சத்தம். நம் காட்டுக்குள் ஓட்டுவது போலவே இருந்தது. புக்கிட் தீமாவில் வெளியேறி, அந்த நீண்ட சாலையைப் பிடித்தால் நேரே தேக்காவில் கொண்டு விடுகிறது.

சிராங்கூன் சாலையில் வீரமாகாளியம்மன் கோவிலைக் கும்பிட்டபோது மாலை விளக்கு வைத்தாகிவிட்டது. பூக்கடை, காய்கறிக்கடை, தமிழ்ப் பேச்சு. மனசு குளிர்ந்துவிட்டது. ஆனால் உண்மையான சங்கடம் அப்போதுதான் ஆரம்பித்தது.

நாங்கள் இடம் சொல்லி வைக்காமல் போனோம். அது எங்கள் தவறு. முதல் விடுதியில் இருந்தவர் எங்கள் சேற்றுக்காலைப் பார்த்தார், சைக்கிளைப் பார்த்தார், இடமில்லை என்றார். எங்களுக்குப் பின்னால் பெட்டியோடு வந்தவர்களுக்கு இடம் இருந்தது. இரண்டாவது விடுதியில் படுக்கை உண்டு, சைக்கிளைத் தெருவில் விளக்குக் கம்பத்தில் கட்டச் சொன்னார்கள். நம் பணத்தில் மூன்றுக்கு மேல் பெருக்கிக் கொடுக்க வேண்டிய வாடகை. அதற்கும் மேல் இரவெல்லாம் சைக்கிளை நினைத்துக்கொண்டு விழித்திருக்க வேண்டும். வெளியில் கூடாரம் அடித்துக்கொள்ளலாமா என்றால், அங்கே அனுமதிச் சீட்டு வாங்கி, குறித்த கடற்கரைப் பூங்காக்களில்தான் அடிக்க முடியும். என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது என்பதை மறைக்கமாட்டேன்.

டன்லப் தெருவில் மூன்றாவது விடுதி. மாடிப்படி ஓராள் ஏறும் அகலம். கீழே மளிகைக்கடையில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்த தம்பி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். "அக்கா, சைக்கிள்லயா வந்தீங்க?" என்றார். ஆமாம் என்றேன். "எங்கம்மாவும் சைக்கிள் ஓட்டுவாங்க. புதுக்கோட்டை" என்றார். முதலாளியிடம் கேட்டு, வெங்காய மூட்டைகளுக்கு நடுவில் இரண்டு சைக்கிளுக்கும் இடம் ஒதுக்கிக் கொடுத்தார். காசு கொடுத்தோம், வாங்கவில்லை.

புதுக்கோட்டை என்று அவர் சொன்னதன் பொருளை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டும். 1990களின் தொடக்கத்தில் அந்த மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தது. எழுத்துப் படிக்க வந்த பெண்களுக்குச் சைக்கிளும் கற்றுக்கொடுத்தார்கள். அப்போது மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் என்ற அம்மையார். ஏறக்குறைய ஒரு லட்சம் பெண்கள் ஓட்டக் கற்றார்கள். கல்குவாரியில் வேலை செய்தவர்களும் வயல்காட்டில் கூலி செய்தவர்களும் அவர்களில் உண்டு. கேலி பேசியவர்களும் இருந்தார்கள். அந்த அம்மாமாரில் ஒருவருடைய மகன்தான் எங்களுக்கு அன்றிரவு துணையானவர்.

மறுநாள் குவீன் ஸ்திரீட் வரை நடந்தோம். ஜொகூர் பஸ் நிற்கிற இடம், பலருக்குத் தெரியும். அந்தத் தெருவிலிருந்துதான் 1931 ஜூலை 7ஆம் நாள் ராம்நாத் பிஸ்வாஸ் என்ற வங்காளி, இரண்டு போர்வையும் ஒரு ஜோடிச் செருப்பும் சைக்கிள் பழுதுபார்க்கும் பெட்டியும் எடுத்துக்கொண்டு உலகம் சுற்றப் புறப்பட்டார். இந்தியர்கள் கூடி வழியனுப்பினார்கள். கணவனும் மனைவியுமாகப் போனவர்களும் அதற்கு முன்பே உண்டு. வொர்க்மன் என்ற அமெரிக்கத் தம்பதி 1897க்குப் பிறகு இந்தியாவின் தென்கோடியிலிருந்து இமயமலை வரை ஓட்டினார்கள். 14,000 மைல் என்று புத்தகம் எழுதினார்கள். பயணியர் பங்களா கிடைத்த இரவும் உண்டு, எலி ஓடுகிற அறையில் படுத்த இரவும் உண்டு. ஒரே நாளில் நாற்பது பஞ்சர் வரை ஒட்டினார்களாம். எங்களுக்கு மொத்தமே இரண்டுதான்.

இதையெல்லாம் நான் ஏன் இங்கே சொல்கிறேன்? இன்று பரிசு வாங்கப் போகிற ஆறாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் தாயார், பெயர் வேண்டாம், என்னிடம் வந்து, "இடைநிலைப்பள்ளி ஒம்பது கிலோமீட்டரு டீச்சர். பஸ்ஸு வர்றதில்ல. பொண்ண எப்படி அனுப்பறது? போதும்னு நிறுத்திரலாமான்னு அவங்கப்பா சொல்றாரு" என்றார். பெரிய சாலையில் லாரி ஓடுகிறது. அந்தப் பயம் நியாயமானது, நான் மறுக்கவில்லை. ஆனால் செம்பனைக்கு நடுவே போகும் மண்சாலை 6 கிலோமீட்டர்தான். மூன்று தடவை நானே ஓட்டிப் பார்த்துவிட்டேன், மழை நாளில் ஒரு தடவை. சின்னப் பாலத்துப் பக்கம் மட்டும் வழுக்குகிறது. அங்கே கல் கொட்டித் தரும்படி தலைமையாசிரியர் நிர்வாகத்துக்குக் கடிதம் கொடுத்திருக்கிறார். ஐந்தாறு பிள்ளைகள் சேர்ந்து போனால், முதல் மாதம் என் வீட்டுக்காரர் கூடவே ஓட்டிப் போய் விட்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

வரும் சனிக்கிழமை காலை ஏழரை மணிக்குப் பள்ளித் திடலில் பெண் பிள்ளைகளுக்குச் சைக்கிள் பழக்குகிறோம். எங்கள் இரண்டு சைக்கிளும் இருக்கும். வீட்டில் ஓடாமல் கிடக்கிற சைக்கிள் இருந்தால் கொண்டு வாருங்கள், பஞ்சர் ஒட்டித் தருகிறோம். தாய்மாரும் வரலாம். என் மாமனார் சீட்டைப் பிடித்துக்கொள்ள வருகிறேன் என்று ஒப்புக்கொண்டிருக்கிறார்.