அப்பத்தாவின் அயிரை மீன் குழம்பு

(முன்னாள் மாணவர் சந்திப்பில் பேசியது)



நான் மல்லாங்கிணற்றுக்காரன். கடல் எங்களுக்குத் தூரம். மழை பெய்து கண்மாய் நிறைந்தால்தான் மீன். விரால், கெளுத்தி, குரவை. எல்லாவற்றுக்கும் மேலே, விரல் நீளம்கூட இல்லாத அயிரை!

அப்பத்தா வைத்த அயிரைக் குழம்பு விடுதிக்குத் தூக்குச்சட்டியில் வரும். வந்த வேகத்தில் காலி. தின்றவர்கள் இங்கேயே இருக்கிறீர்கள். அவர்களில் ஒருவர் பின்னாளில் பக்குவம் கேட்டார். புளி, மல்லி, மிளகாய், சின்ன வெங்காயம் எல்லாம் அளவோடு எழுதி அனுப்பினேன். "என்னப்பா, ஒரே மண் வாடை!" என்று பதில் வந்தது.

அப்பத்தாவிடம் சொன்னேன். சிரித்தாள். "ஏன்டா, மீனைக் கழுவுறத எழுதுனியா?"

அப்போதுதான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். உயிர் அயிரையைத் தேங்காய்ப் பாலில் விடுவாள். வயிற்று மண்ணைக் கக்கிவிடும். பிறகு மண்சட்டியில் கல்லுப்புப் போட்டு உரசி, தண்ணீர் தெளியும்வரை அலசுவாள். குழம்பு நன்றாகக் கொதித்த பின்தான் மீன். அப்புறம் கரண்டி கிடையாது. துணியால் சட்டியைப் பிடித்து ஒரு சுற்று, அவ்வளவுதான்.

1952இல் இந்தியாவுக்கு வந்த ஜிலேபிக் கெண்டை இன்று கண்மாய்களில் பெருகிவிட்டது. அயிரை விலையைக் கேட்கவே பயம். அப்பத்தாவும் இல்லை. அன்று உட்காராமல் விட்டிருந்தால், எங்கள் வீட்டிலும் மண் வாடைதான் மிஞ்சியிருக்கும்.

தம்பி தங்கைகளே, லீவுக்கு ஊருக்குப் போனால் அளவு மட்டும் கேட்டு எழுதாதீர்கள். அடுப்படியில் கொஞ்சநேரம் உட்காருங்கள்.