தண்டச் சீட்டும் பஸ்வண்டியும்
(திருகோணமலையில் விவசாயிகளும் உத்தியோகத்தரும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



வீதி விதிகளை மீறுவோர்க்கு வக்காலத்து வாங்க நாம் இங்கு வரவில்லை. இந்நாட்டின் வீதிகள் ஆண்டுதோறும் 2,000க்கும் மேற்பட்ட உயிர்களைப் பலிகொள்கின்றன. பொலிசார் வீதியில் நிற்கத்தான் வேண்டும். ஆனால், அவ்வீதிக்கு இத்தனை மோட்டார் சைக்கிள்கள் எவ்வாறு வந்தன என்று கேட்பாரைக் காணோம்.

ஒருகாலத்தில் மூதூர் மக்கள் லோஞ்சிலே கொட்டியாரக் குடாவைக் கடந்து நகருக்கு வந்தனர்; கிண்ணியா மக்கள் பாதையிலே துறை கடந்தனர். 2009 ஒக்டோபரில் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. வரவேற்றோம், இன்றும் வரவேற்கிறோம். பாலம் வந்தது, பாலத்துக்கேற்ற பஸ் சேவை வந்ததா? ஆஸ்பத்திரியும் கச்சேரியும் நீதிமன்றமும் நகரிலே. கடன்பட்டேனும் மோட்டார் சைக்கிள் வாங்குவதன்றி உழவன் வேறென் செய்வான்? நகரமோ இரு கடல்களுக்கிடையே கழுத்துப்போல் ஒடுங்கிய நிலம். வாகனம் பெருகலாம், நிலம் பெருகாது.

அங்கேதான் சீட்டு எழுதப்படுகிறது. குமாஸ்தாவுக்கும் கமக்காரனுக்கும் தண்டம் ஒன்றே, இழப்பு ஒன்றன்று. தபாற்கந்தோரிலே பணங்கட்டி, பற்றுச்சீட்டுடன் பொலிஸ் நிலையஞ் சென்று சாரதி அனுமதிப்பத்திரத்தை மீட்பது நெடுங்கால வழக்கம். நகரில் இருப்பவர்க்கு அது அரைமணி வேலை. வெருகலில் இருப்பவர்க்கு ஒருநாட் கூலி. 2025இல் கைத்தொலைபேசியாற் கட்டும் முறை தொடங்கியது நன்றே. ஆயினும் சீட்டுக் குறைய அது வழியன்று. 2016 நவம்பரில் வரவுசெலவுத் திட்டத்திலே சில குற்றங்களுக்கு 25,000 ரூபா தண்டம் என முன்மொழிந்தார்கள். தண்டத்தை உயர்த்த ஒரு பேனை போதும், ஐயா!

பொலிஸ் அதிகாரம் மாகாணத்துக்கு என்று 1987இன் 13ஆம் திருத்தம் எழுதிற்று, கொடுத்தாரில்லை. மாகாணத்துக்குள் ஓடும் பஸ்களை ஒழுங்குசெய்யும் அதிகாரத்தையும் அது மாகாணத்துக்கே எழுதிற்று. அதனைச் செலுத்தவேண்டிய கிழக்கு மாகாண சபையின் காலம் 2017 செப்டெம்பரில் முடிந்தது. தேர்தலையோ ஆண்டுக்கணக்கிலே ஒத்திவைத்தனர். தண்டிக்கும் கை கொழும்பிலே இருக்க, பஸ் விடும் கைக்கு உரியவரைத் தெரிவுசெய்யும் உரிமை நம்மிடமில்லாது போயிற்று.

அதிகாரம் யார் கையில் இருப்பினும் நாம் கேட்பது இதுவே. பொலிசார் பாடசாலை வாயில்களிலே நின்று வேகத்தைத் தடுக்கட்டும். வயல்வேலை முடியும் நேரத்துக்கும் கந்தோர் கலையும் நேரத்துக்கும் மூதூர், கிண்ணியா, வெருகல், குச்சவெளி ஊர்களுக்குத் தவறாது பஸ் ஓடட்டும். அந்த நேர அட்டவணை தமிழிலும் எழுதப்பட்டு ஒவ்வொரு தரிப்பிடத்திலும் தொங்கட்டும்.