கரிச்சட்டியும் ஒரு படம்தான்
(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் பேசியது)



போன மாதம் எங்கள் குழுக் கூட்டத்துக்கு ஒரு உறுப்பினர் சேமிப்பு நோட்டோடு ஒரு தாளையும் கொண்டு வந்தார். எட்டாவது படிக்கும் மகள், வீட்டு மண்சட்டியை எதிரில் வைத்துப் பென்சிலால் வரைந்த படம். "பூ, மயில்னு வரையாம கரிச்சட்டியப் போய் வரைஞ்சிருக்கா. அடுப்பு பத்த வைக்க எடுத்தேன், அழுதுட்டா" என்றார். நாங்களும் சிரித்தோம்.

பிறகு தாளைக் கையில் வாங்கி உற்றுப் பார்த்தோம். சிரிப்பு நின்றுவிட்டது. சட்டியின் வாய் வட்டம் என்று நமக்குத் தெரியும். ஆனால் எதிரில் உட்கார்ந்து பார்த்தால் முட்டை மாதிரி நீளமாகத்தான் தெரியும். கண்ணுக்குத் தெரிந்தபடியே வரைந்திருந்தாள். வாசல் வெளிச்சம் பட்ட பக்கம் தாளை வெள்ளையாக விட்டு, மறுபக்கம் அழுத்தித் தேய்த்திருந்தாள். கரி எதுவரை ஏறியிருக்கிறது, விளிம்பில் எங்கே சில்லு போயிருக்கிறது, எல்லாம் இருந்தது. "தினமும் பிடிச்சு இறக்குறேன். இந்த உடைசல் என் கண்ணுல பட்டதே இல்ல" என்றார் அந்த அம்மா.

சட்டியை வரைவது வீண் வேலை இல்லை. நம் பழனி மலையில் தாண்டிக்குடி போன்ற ஊர்ப் பக்கம் பழங்காலக் கற்திட்டைகள் இருக்கின்றன. ஆங்கிலேட், நியூட்டன் என்ற இரண்டு பாதிரியார்கள் அவற்றைப் பற்றி எழுதிய நூலை இந்தியத் தொல்லியல் துறை 1928-ல் வெளியிட்டது. கற்திட்டைகளில் கிடைத்த மண்பாண்டங்களைச் செண்பகனூர் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம்.

போட்டோ வந்த பிறகும் தொல்லியல் ஆய்வாளர்கள் பானையை வரையத்தான் செய்கிறார்கள். ஒரு பாதியில் வெளித்தோற்றம். மறு பாதியில், நடுவே வெட்டினால் தெரிகிற கனம். விளிம்புத் துண்டு ஒன்று கிடைத்தாலும், அதன் வளைவை வைத்து வாய் அகலத்தைக் கணக்கிடுகிறார்கள். அந்தப் பானையைப் புழங்கியவர் பெயர் யாருக்கும் தெரியாது. பானை மட்டும் பேசுகிறது.

அதனால் சகோதரிகளே, பிள்ளைகள் படம் கொண்டு வந்தால் "நல்லாருக்கு"ன்னு சொல்லி ஒதுக்கிவிட வேண்டாம். அந்தப் பொருளைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வெளிச்சம் எந்தப் பக்கம்? எங்கே கோணல்? நாம பார்க்காத எதைப் பிள்ளை பார்த்திருக்கு? இந்த மூன்றையும் கேளுங்கள்.

நம் அடுப்படி வேலையை யாரும் கணக்கில் எழுதுவதில்லை என்று கூட்டத்துக்குக் கூட்டம் பேசுகிறோம். ஒரு பிள்ளை எழுதியிருக்கிறாள், பென்சிலால். அந்தப் படம் இப்போது எங்கள் குழு அறையில், தீர்மான நோட்டு வைக்கும் அலமாரிக்கு மேலே ஒட்டியிருக்கிறது.