மேஜ், மெக்ஸ்: ஓர் எழுத்தின் தூரம்



நோய்களுக்குத் தமிழில் பெயர் வைப்பது பற்றிப் பேசக் கூடியிருக்கும் இந்த அவைக்கு முன், தொடக்கத்திலேயே இரண்டு பெயர்களை வைக்க வேண்டியிருக்கிறது. ஒன்று மேஜ், மற்றது மெக்ஸ். ஆங்கிலத்தில் இரண்டும் ஐந்தெழுத்துப் பெயர்கள். முதல் நான்கு எழுத்தும் ஒன்றே, கடைசி எழுத்து மட்டும் வேறு. அந்த ஓர் எழுத்துக்கு இந்தப் பக்கம் முகம், அந்தப் பக்கம் சினைப்பை.

உலக சுகாதார நிறுவனத்தின் பத்தாம் நோய்ப் பட்டியலில் முகமும் வாயும் இழுத்துக்கொள்ளும் மேஜ் நோய்க்குக் குறியீடு ஜி 24.4, மெக்ஸ் சேரும் சினைப்பையின் தீங்கற்ற கட்டிக்கு டி 27. பட்டியலில் வெவ்வேறு அத்தியாயங்களில் இருப்பவை, வேகமாகக் கிறுக்கிய கையெழுத்தில் அடுத்தடுத்து வந்து நிற்கின்றன. மேஜின் பெயரில் இன்னொரு நோயும் உண்டு. பருவ வயதையொட்டிக் கால்கள் வீங்கத் தொடங்கும் பரம்பரை நிணநீர் வீக்கம் அது. அதற்குக் குறியீடு கியூ 82.0. ஒரே மனிதரின் பெயர் இரண்டு நோய்களுக்கு. அவர் பெயரைப் போன்ற இன்னொருவர் பெயர் மூன்றாவது நோய்க்கு.

ஆன்ரி மேஜ் (1866–1940) பாரிஸின் சால்பெட்ரியேர் மருத்துவமனையில் நரம்பியல் அறிஞர் ஷார்கோவிடம் பயின்ற நரம்பியல் மருத்துவர். ஓவியக் கல்லூரியில் உடற்கூற்றியலும் கற்பித்தவர். உருவத்தை உற்றுப் பார்க்கும் கண் அவருக்கு இருந்தது. தசைத் துடிப்புகளைப் பற்றி மருத்துவர் ஃபைன்டெலுடன் சேர்ந்து 1902-இல் ஒரு நூல் எழுதினார். முகத்தின் இரு பக்கமும் நடுக்கோட்டை ஒட்டி இழுத்துக்கொள்ளும் தனி வகை நோயொன்றை 1910-இல் விவரித்தார்.

அந்த நோய் வரும் விதம் ஆரவாரமில்லாதது. பெரும்பாலும் நடுவயதைத் தாண்டியவர்களுக்கு, ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். முதலில் கண் உறுத்துகிறது, அடிக்கடி இமைக்கிறார்கள், சொட்டு மருந்து விட்டுப் பார்க்கிறார்கள். சில மாதங்களில் இமை தானே மூடிக்கொண்டு திறக்க மறுக்கிறது. பார்வையில் ஒரு குறையும் இல்லை. ஆனால் சாலையைக் கடக்கும்போது இமை மூடிக்கொண்டால் அந்த நிமிடம் அவர் பார்வையற்றவரே. பிறகு தாடை இழுக்கிறது, வாய் கோணுகிறது, சாப்பிடுவதும் பேசுவதும் சிரமமாகின்றன. வெயிலிலும் வாசிக்கும்போதும் கூடும். தூங்கும்போது அடங்கிவிடும்.

இதில் ஒரு விந்தை உண்டு. கண்ணோரம் ஒரு விரலை வைத்தால், அல்லது எதையாவது மென்றுகொண்டிருந்தால், சிலருக்கு இழுப்பு நின்றுவிடுகிறது. பாடும்போது நின்றுவிடுவதும் உண்டு. மூளை இயக்கத்தைப் பற்றி ஆழமாகச் சொல்லும் இந்தக் குறிப்பு, நெடுங்காலம் நோயாளிகளுக்கு எதிரான சாட்சியாகவே எடுத்துக்கொள்ளப்பட்டது. விரலை வைத்தால் நிற்கிறதே, அப்படியானால் மனக்கோளாறுதானே, நடிப்புதானே என்று கேட்டார்கள். முகம் கோணிய பெண்ணிடம் ‘உனக்கு ஒன்றுமில்லை’ என்று சொல்வதைவிடக் கொடிய மருத்துவச் சொல் வேறில்லை.

லண்டனில் நரம்பியல் மருத்துவர் டேவிட் மார்ஸ்டன் 1976-இல் இந்த நோயை, தசைகள் தாமே இழுத்துக்கொள்ளும் டிஸ்டோனியா வகை இயக்க நோயாகவே பார்க்க வேண்டும் என்று வாதாடினார். ஓவியர் ப்ரூகெல் வரைந்ததாகக் கருதப்படும், பிரஸ்ஸல்ஸில் உள்ள ‘கொட்டாவி விடுபவன்’ ஓவியத்தில் வாய் பிளந்து கண் இறுகிய முகத்தைக் கண்டு, நோய்க்கு அந்த ஓவியர் பெயரையே சூட்டினார். ஆக, இந்த நோய்க்கு இன்னுமொரு பெயர்! மருந்து வந்ததோ எதிர்பாராத திசையிலிருந்து. கெட்டுப்போன உணவில் வளரும் நுண்ணுயிரின் நஞ்சை, சான் பிரான்சிஸ்கோவின் கண் மருத்துவர் ஆலன் ஸ்காட் மாறுகண்ணுக்காக மருந்தாக்கினார். 1989-இல் அமெரிக்காவில் மாறுகண்ணுக்கும் இமை இழுப்புக்கும் அதற்கு அனுமதி கிடைத்தது. மிகச் சிறிய அளவில் ஊசி போட்டால் இமை சுமார் மூன்று மாதம் தளர்ந்திருக்கும், பிறகு மறுபடியும் போட வேண்டும். நோயை அது வேரறுப்பதில்லை. ஆனால் மூடிய கண்ணைத் திறந்துவிடுகிறது.

இனி மற்றவர். ஜோ வின்சென்ட் மெக்ஸ் (1892–1963) பாஸ்டன் நகரத்துப் பெண்நோய் மருத்துவர். 1937-இல் மருத்துவர் ஜான் காஸுடன் சேர்ந்து ஏழு பெண்களைப் பற்றி எழுதினார். ஒவ்வொருவருக்கும் சினைப்பையில் ஃபைப்ரோமா என்னும் நார்க்கட்டி, வயிற்றில் நீர், நெஞ்சில் நுரையீரலைச் சுற்றி நீர். அதே ஆண்டில் ரோட்ஸ், டெரல் என்னும் மருத்துவர்கள் இதற்கு மெக்ஸின் பெயரைச் சூட்டினார்கள். ஆனால் பிரான்சில் டெமோன்ஸ் என்னும் மருத்துவர் 1887-லேயே இதைக் கூறிவிட்டார். பிரெஞ்சு மருத்துவர்கள் இரு பெயரையும் சேர்த்தே சொல்கிறார்கள், அதுவே நியாயம்.

வயிறு பெருத்து, மூச்சு வாங்கிக்கொண்டு ஒரு பெண் வருகிறார். ஸ்கேனில் கட்டி தெரிகிறது. சிஏ-125 என்னும் இரத்தப் பரிசோதனை அளவும் சில வேளை உயர்ந்திருக்கும். வீட்டார் முற்றிய புற்றுநோய் என்று மனத்தைத் தேற்றிக்கொள்ளத் தொடங்கிவிடுகிறார்கள். கட்டியோடு நீர் கோத்தால் புற்றுநோயைச் சந்தேகிப்பது சரிதான், மெக்ஸ் அரிது. ஆனால் கட்டியை எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தபின் அது தீங்கற்றது என்று தெரிகிறது. வயிற்று நீரும் நெஞ்சு நீரும் வற்றிவிடுகின்றன, திரும்பி வருவதில்லை. அந்த வற்றுதலே நோயின் முடிவான அடையாளம்.

நெஞ்சுக்கு நீர் எப்படிப் போனது? மெக்ஸும் உடனிருந்தவர்களும் வயிற்றுக்குள் கறுப்பு மையைச் செலுத்திப் பார்த்தார்கள். அரைமணி நேரத்தில் மைத்துகள்கள் நுரையீரல் உறையின் நிணநீர் நாளங்களில் தெரிந்தன. உதரவிதானத்தைத் தாண்டி மேலேறும் வழி அது. நீர் பெரும்பாலும் வலப்பக்கத்தில் கோப்பதும் கவனிக்கத்தக்கது. வேறு வகைக் கட்டிகளால் இதே தோற்றம் வந்தால் ‘போலி மெக்ஸ்’ என்பார்கள். அந்தப் ‘போலி’யில் புற்றுநோயும் அடங்கும். நோயாளியின் காதில் விழும்போது இந்தச் சொல் எவ்வளவு குழப்பும் என்பதை இந்த அவை எண்ணிப் பார்க்க வேண்டும்.

எழுத்தில் ஒட்டியிருக்கும் இந்த இரு பெயர்களும் வாழ்க்கையில் ஓரிடத்தில் சந்திக்கின்றன. முகத்தைப் பார்த்து மனநோய் என்றார்கள், வயிற்றைப் பார்த்து மரணம் என்றார்கள். இரண்டிலும் தோற்றமே தீர்ப்பாயிற்று.

தமிழுக்கு இங்கே ஒரு வசதி இருக்கிறது. ஒலியைக் கேட்டு எழுதுவதால் மேஜ் என்பதும் மெக்ஸ் என்பதும் தாளில் தாமே பிரிந்துவிடுகின்றன. ஆங்கில எழுத்தைப் பார்த்து ‘மெய்ஜ்’, ‘மெய்க்ஸ்’ என்று பெயர்த்தால்தான் பழைய குழப்பம் திரும்புகிறது. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மருத்துவர் சாமுவேல் கிரீன் 19-ஆம் நூற்றாண்டிலேயே தமிழில் மருத்துவம் கற்பித்தார்; மருத்துவக் கலைச்சொல்லுக்குத் தமிழில் வழி புதிதல்ல. ஆள் பெயர்களை அழிக்க வேண்டியதில்லை, அவை வரலாறு. ஆனால் பெயரோடு உறுப்பும் சேர்ந்தே வரட்டும்: மேஜ் முகத்தசை இழுப்பு, மேஜ் கால் வீக்கம், மெக்ஸ் சினைப்பைக் கட்டி நீர்த்தேக்கம்.

இந்த மூன்று தொடர்களையும் முதல் அமர்வின் முன் வைத்து மாநாடு தொடங்குகிறது. நரம்பியல், பெண்நோய் மருத்துவர்களோடு நோயாளிகளிடம் நாள்தோறும் பேசும் செவிலியரும் அந்த அமர்வில் இருக்கிறார்கள். எந்தச் சொல்லைக் கேட்டு நோயாளி தலையசைக்கிறார், எதைக் கேட்டு அச்சப்படுகிறார் என்பதை முதலில் அவர்கள் சொல்லட்டும்.